அரங்கில் யாரும் ‘தீ’ என்று கத்தவில்லை

பேச்சுரிமைக்கு எல்லை உண்டா என்ற விவாதம் எங்கே தொடங்கினாலும், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் அந்த நாடகக் கொட்டகையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். கொட்டகை நிறைய ஆட்கள். தீப்பிடிக்காத இடத்தில் ஒருவன் ‘தீ, தீ’ என்று கத்துகிறான். கூட்டம் முண்டியடித்து ஓடுகிறது. இதையும் பேச்சுரிமை என்பீர்களா என்று கேட்டால் எதிராளி வாயடைத்துப்போவார். இந்த உவமையைச் சொன்னவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சொன்ன நாள் 1919 மார்ச் 3. அன்றைய வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அப்படி என்ன கத்தினார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர் எதையும் கத்தவில்லை. பெயர் சார்லஸ் ஷெங்க். ஃபிலடெல்ஃபியாவில் சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்துகொண்டிருந்தபோது, சுமார் 15,000 துண்டறிக்கைகளை அச்சடித்து, படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களுக்குத் தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்தார். துண்டறிக்கையின் தலைப்பே அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னது. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தம் இருக்கும்போது, ஒரு மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாகப் போருக்கு இழுப்பது எப்படிச் செல்லும் என்று உள்ளே கேட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி மனுப் போடச் சொன்னார்கள். வன்முறைக்கு ஒரு வரி அழைப்புக்கூட இல்லை. இதற்கு ஆறு மாதச் சிறை. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதிசெய்தார்கள்.

ஆக, பேச்சுரிமையின் நியாயமான எல்லைக்குச் சான்றாக ஊர் ஊராகச் சுற்றும் உவமை, மனுப் போடச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பில் பிறந்தது. இன்று அதே துண்டறிக்கைக்காக அமெரிக்காவில் யாரையும் தண்டிக்க முடியாது. அங்கே பேச்சுக்கு வேலி போட்டவர்கள் யார், அதைத் தள்ளித் தள்ளி வைத்தவர்கள் யார், இன்னும் எந்தப் பக்கம் வேலி நெருக்கமாக நிற்கிறது என்பதே இந்த அவையில் இன்று எடுத்துக்கொண்ட பொருள். கடைசிக் கேள்விக்கான விடையில் தமிழர்களும் வருகிறார்கள்.

அரசமைப்பின் வாசகம் பழையது. 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், பேச்சுச் சுதந்திரத்தையோ பத்திரிகைச் சுதந்திரத்தையோ குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. விதிவிலக்கு, நியாயமான கட்டுப்பாடு என்று எதுவும் எழுத்தில் இல்லை. இந்தியாவிலும் ஒரு முதல் திருத்தம் உண்டு. 1951-இல் வந்த அதை இடஒதுக்கீட்டைக் காப்பாற்றிய திருத்தமாகவே தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் பொது ஒழுங்கையும் வேறு சிலவற்றையும் சேர்த்ததும் அதே திருத்தம்தான். ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று சென்னை மாகாண அரசு போட்ட தடையை 1950-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது அதற்கு ஒரு காரணம். ஒரு நாட்டின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது. இன்னொரு நாட்டின் முதல் திருத்தம் அதே கையை அவிழ்த்துவிட்டது.

கட்டிய கை வெகுநாள் கட்டுக்குள் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஏழே ஆண்டில், 1798-இல், குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் காலத்தில் அரசாங்கத்தை இழித்து எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவரையும் நாடாளுமன்றத்தையும் திட்டினால் குற்றம். துணைத் தலைவரைத் திட்டினால் குற்றமில்லை. அப்போது துணைத் தலைவராக இருந்தவர் எதிரணித் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன்! இதைவிட வெளிப்படையாக ஒரு தணிக்கைச் சட்டத்தை எழுத முடியாது. வெர்மாண்டிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரான மேத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். அவர் சிறையிலிருந்தபடியே தேர்தலில் மறுபடி வென்றார். சட்டம் 1801-இல் காலாவதியானது. அது செல்லுமா செல்லாதா என்று உச்ச நீதிமன்றம் ஒருமுறைகூடத் தீர்ப்புச் சொல்லவில்லை.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் முதல் திருத்தம் பெரும்பாலும் தூங்கியது. மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது என்பதே அன்றைய சட்டநிலை. தென்மாநிலங்கள் அடிமை ஒழிப்புப் பிரசுரங்களைத் தடைசெய்தன. சினிமா வந்தபோது, அது வெறும் வியாபாரம், பேச்சுரிமைக்குள் வராது என்று 1915-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கருத்தைத் திருத்திக்கொள்ள 1952 ஆயிற்று. மேரிலாண்ட் மாநிலத்தில் திரைப்படத் தணிக்கைக் குழு 1981 வரை உட்கார்ந்திருந்தது. அமெரிக்கா பிறந்த நாளிலிருந்தே சுதந்திரமாகப் பேசிக்கொண்டிருந்தது என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

திருப்பம் 1919-இல் வந்தது, அதுவும் ஷெங்கைச் சிறைக்கு அனுப்பிய அதே ஹோம்ஸிடமிருந்து.

ஷெங்க் தீர்ப்புக்கு ஒரு வாரம் கழித்து, மார்ச் 10 அன்று, யூஜின் டெப்ஸ் வழக்கிலும் ஹோம்ஸ்தான் தீர்ப்பு எழுதினார். டெப்ஸ் நான்குமுறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற சோஷலிஸ்ட் தலைவர். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரைக் கண்டித்து ஆற்றிய ஓர் உரைக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறை. ஹோம்ஸ் அதையும் உறுதிசெய்தார். டெப்ஸ் 1920 தேர்தலில் அட்லாண்டா சிறையில் 9653-ஆம் எண் கைதியாக இருந்தபடி ஐந்தாம் முறை போட்டியிட்டார். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள்.

1919-இன் கோடை ஹோம்ஸை மாற்றியது. அவருக்கு வயது 78. உள்நாட்டுப் போரில் மூன்றுமுறை காயம்பட்டவர். போர் என்றால் தியாகம் செய்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கும் பழைய சிப்பாய். ஹார்வர்டு பேராசிரியர் செகரியா சேஃபி அவருடைய மார்ச் தீர்ப்புகளைக் கட்டுரையில் கிழித்தார். இளம் நண்பர் ஹரால்டு லாஸ்கி இருவரையும் தேநீருக்கு அழைத்துப் பேச வைத்தார். நீதிபதி லேர்னட் ஹாண்ட் ஏற்கெனவே கடிதங்களில் வாதாடிக்கொண்டிருந்தார். இதற்கிடையே, அந்த மே தினத்தையொட்டிப் பிரமுகர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்ட குண்டுப் பொட்டலங்களில் ஒன்று ஹோம்ஸின் பெயருக்கும் வந்தது. அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கொலைக்குக் குறிவைக்கப்பட்ட ஒருவர் கெடுபிடியின் பக்கம் சாய்ந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அவர் மறுபக்கம் சாய்ந்தார். நவம்பர் 10 அன்று ஏப்ரம்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. ரஷ்யாவுக்கு அமெரிக்கப் படை அனுப்பப்பட்டதைக் கண்டித்து, நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து ஆங்கிலத்திலும் யித்திஷ் மொழியிலும் துண்டறிக்கைகளைத் தெருவில் வீசிய குடியேறிகள் சிலருக்கு இருபது ஆண்டு வரை சிறை. ஏழு நீதிபதிகள் அதைச் சரி என்றார்கள். ஹோம்ஸும் பிராண்டைஸும் மறுத்தார்கள். தீர்ப்பு வெளியாகும் முன் சக நீதிபதிகள் மூவர் ஹோம்ஸின் வீட்டுக்கே போய், எழுதியதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம், ஹோம்ஸ் இசையவில்லை. கருத்துகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மோதட்டும், நாம் வெறுக்கும் கருத்தைக்கூட உடனடி ஆபத்து வந்தாலொழிய அடக்கக் கூடாது என்பது அவர் எழுதியதன் சாரம். அன்று அது தோற்ற இருவரின் கருத்து. இன்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படிப்பது அதைத்தான்; வென்ற ஏழு பேர் எழுதியதை யாரும் சீண்டுவதில்லை.

தோற்ற கருத்து சட்டமாக ஐம்பது ஆண்டு பிடித்தது. இடையில் பயம் திரும்பி வந்தது. 1951-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்கள் 11 பேரைக் கொள்கை பரப்பியதற்காகச் சிறைக்கு அனுப்புவதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடைசியில் வேலியைத் தள்ளி நட்ட வழக்கை எந்த நல்ல மனிதரும் கொண்டுவரவில்லை. 1964-இல் ஒஹையோவில் ஒரு பண்ணையில், முகமூடியும் துப்பாக்கியுமாகச் சிலுவையைக் கொளுத்தி, கறுப்பர்களையும் யூதர்களையும் நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்று தொலைக்காட்சிக் கேமரா முன் பேசிய கு கிளக்ஸ் கிளான் தலைவர் கிளாரன்ஸ் பிராண்டன்பர்க்கின் வழக்கு அது. அவருடைய தண்டனையை 1969 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. சட்டமீறலைத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும். அந்த மீறல் உடனே நிகழப்போவதாக இருக்க வேண்டும். நிகழக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு குற்றமாகும். ‘ஒருநாள் பழிவாங்குவோம்’ என்பது போதாது.

இந்த இடத்தில் கேட்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. இனவெறியனுக்கு இவ்வளவு பெரிய குடையா? பதில் பதின்மூன்று ஆண்டு கழித்து வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் போர்ட் கிப்சனில், பாகுபாடு காட்டிய வெள்ளைக் கடைக்காரர்களைக் கறுப்பின மக்கள் 1966 முதல் புறக்கணித்தார்கள். புறக்கணிப்பை மீறுபவர்களின் கழுத்தை முறிப்போம் என்று மேடையில் எச்சரித்தார் சார்லஸ் எவர்ஸ். கொலையுண்ட உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் அண்ணன். கடைக்காரர்கள் வழக்குப்போட்டுப் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தபோது எவர்ஸைக் காப்பாற்றியது கிளான்காரன் வாங்கிய அதே தீர்ப்பு. எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் என்ற கறுப்பின வழக்குரைஞர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வெள்ளை மேலாதிக்கக் குழு ஒன்றின் கூட்டத்துக்கு விதித்த தடையை எதிர்த்து 1968-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர் அவர்.

அவதூறுச் சட்டத்தின் கதையும் தெற்கிலிருந்துதான் வருகிறது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அதில் சில்லறைப் பிழைகள்: கிங் கைதானது நான்குமுறை, ஏழுமுறை என்று போட்டிருந்தார்கள், மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். மான்ட்கோமரி நகரக் காவல் துறைப் பொறுப்பாளர் எல். பி. சல்லிவனின் பெயர் விளம்பரத்தில் எங்குமே இல்லை. அலபாமாவுக்குப் போன பிரதிகள் 394. இருந்தும் தன் மானம் போயிற்று என்று அவர் வழக்குப் போட, நடுவர் குழு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்துசெய்தது: அதிகாரி ஒருவர் தன் பணி குறித்த அவதூறுக்கு இழப்பீடு கேட்டால், எழுதியவர் பொய் என்று தெரிந்தே எழுதினார், அல்லது உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு சென்னைக்கு வந்து சேர்ந்த கதை இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கலாம். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் பலர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், அவதூறாக இருக்கக்கூடும் என்பதற்காக வெளியிடும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்றது. நீதிபதி ஜீவன் ரெட்டி அந்தத் தீர்ப்பில் சல்லிவன் வழக்கை எடுத்துப் பேசினார்.

வெளியிடும் முன்பே தடுப்பது என்ற தணிக்கையை அமெரிக்க நீதிமன்றங்கள் மற்ற எல்லாவற்றையும்விடச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ரகசிய ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூன் 13 அன்று வெளியிடத் தொடங்கியது. அரசு தடையாணை வாங்கியது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடையை நீக்கிவிட்டது. மொத்தமே பதினேழு நாள்.

மற்ற எல்லைகளை வேகமாகக் கடந்துவிடலாம். கொலை மிரட்டல், மோசடி, குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. பெரியவர்களுக்கான ஆபாசம் எது என்று வரையறுக்க முயன்று நீதிபதிகள் பல ஆண்டுகள் திணறினார்கள்; 1973-இல் ஒரு வரையறை செய்தார்கள்; அதன் மேல் அவர்களுக்கே பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. வெறுப்புப் பேச்சு என்ற தனி வகை அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது. பிரிவினரிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவைக் கேட்டுப் பழகிய இந்தியக் காதுக்கு இது விநோதமாகத்தான் ஒலிக்கும். இன்னொன்று: முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. ஒரு நிறுவனம் தன் ஊழியரின் வாயை மூடினாலோ, சமூக ஊடகம் ஒருவரின் கணக்கை முடக்கினாலோ அது அரசமைப்பு மீறலாகாது. அரசாங்கம் பின்னாலிருந்து அந்த நிறுவனத்தை மிரட்டிச் செய்ய வைத்தால் மீறல். 2024-இல் நியூயார்க் மாநில அதிகாரி ஒருவருக்கு எதிரான வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பதினோரு மாதத்துக்குள் எழுதிய மூன்று தீர்ப்புகள். 2010 ஏப்ரல் 20: நாய்ச்சண்டைப் படங்களை விற்றவரின் தண்டனை ரத்து, அந்தக் கொடூரக் காட்சிகளும் முதல் திருத்தத்துக்குள் வரும். 2011 மார்ச் 2: போரில் இறந்த படைவீரரின் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, அவர் சாவுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் அட்டைகளைத் தூக்கிப் பிடித்த வெஸ்ட்போரோ சபையாருக்குப் பாதுகாப்பு, இறந்தவரின் தந்தைக்கு இழப்பீடு இல்லை. இரண்டிலும் எட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே, 2010 ஜூன் 21 அன்று, மூன்றாவது வழக்கு. அதில் வாதிகள் தோற்றார்கள். அவர்கள் செய்ய விரும்பியது சமாதானத்துக்கான பயிற்சி.

வாதிகள் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மனிதாபிமானச் சட்டத் திட்டம் என்ற மனித உரிமை அமைப்பு, அதன் தலைவரும் முன்னாள் நிர்வாக நீதிபதியுமான ரால்ஃப் ஃபெர்டிக், இலங்கையில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஒரு தமிழ் மருத்துவர், தமிழர் நலனுக்கான ஐந்து அமைப்புகள். 1996-இல் இயற்றிய சட்டப்படி, அமெரிக்க வெளியுறவுத் துறை பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலிட்ட எதற்கும் ‘பொருளுதவி’ செய்வது குற்றம். பணமும் ஆயுதமும் மட்டும் அதில் அடங்காது. பயிற்சி, நிபுணர் ஆலோசனை, சேவை எல்லாம் அடங்கும். மருந்துக்கும் சமய நூல்களுக்கும்தான் விலக்கு. 1997 அக்டோபரில் வந்த முதல் பட்டியலிலேயே விடுதலைப் புலிகளும் குர்து இயக்கமான பி.கே.கே.யும் இருந்தன.

வழக்கு 1998-இல் தொடங்கியது. சட்டம் இடையிடையே திருத்தப்பட, வழக்கும் ஏறி இறங்கி ஏறியது. நடுவில் 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடகிழக்குக் கரையும் அழிந்தது. அந்தப் பகுதி மக்களுக்கான நிவாரணத்தைச் சர்வதேச அமைப்புகளிடம் முறைப்படி கேட்பது எப்படி என்று புலிகளுக்குச் சொல்லித்தர வேண்டும், இலங்கை அரசோடு சமாதானப் பேச்சு நடத்தச் சட்ட ஆலோசனை தர வேண்டும், தமிழர்களுக்காக அரசியல் வாதம் செய்ய வேண்டும் என்று வாதிகள் விரும்பினார்கள். பி.கே.கே.யினருக்கு ஐ.நா.வில் மனுக் கொடுக்கக் கற்றுத்தர எண்ணினார்கள். இவற்றில் எதைச் செய்தாலும் பதினைந்து ஆண்டுச் சிறை வரை போகலாம்.

அரசுத் தரப்பில் வாதாடியவர் எலீனா கேகன். பட்டியலிட்ட அமைப்புகளுக்காக ஒரு வழக்குரைஞர் நீதிமன்றத்தில் மனு எழுதிக் கொடுத்தால்? அதுவும் தடைதான் என்றார் அவர். உச்ச நீதிமன்றத்திலேயே, நீதிபதிகளின் முகத்துக்கு நேரே, சட்ட வாதம் எழுதுவது குற்றமாகலாம் என்று சொன்ன அந்தக் கணம் இந்த வழக்கின் முழு விசித்திரத்தையும் காட்டியது.

தீர்ப்பு வருவதற்குள் முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. சமாதானப் பேச்சும் சுனாமிக் கோரிக்கையும் புலிகளின் தோல்வியோடு காலாவதியாகிவிட்டன என்று ராபர்ட்ஸ் அவற்றை ஒதுக்கினார். மீதிக்கு அவர் சொன்ன காரணங்கள்: இப்படிப்பட்ட உதவி அந்த அமைப்பின் கையிருப்பை வன்முறைக்கு மிச்சப்படுத்தும், அதற்கு மரியாதை தேடித்தரும், நட்பு நாடுகளோடு உறவைக் கெடுக்கும், சமாதானப் பேச்சையே மூச்சு வாங்கும் இடைவேளையாக அது பயன்படுத்தக்கூடும். ஆறு பேர் இதை ஏற்றார்கள். பிரையர், கின்ஸ்பர்க், சோட்டோமயோர் மறுத்தார்கள். ஐ.நா.வில் மனுப் போடக் கற்றுக்கொடுப்பது குண்டுக்கு எப்படி உதவும், அதற்கு அரசு காட்டிய ஆதாரம் எங்கே என்று கேட்டார் பிரையர். மரியாதை தேடித்தரும் என்பதையே காரணமாக ஏற்றால் எந்த ஆதரவுப் பேச்சையும் தடைசெய்துவிடலாமே என்றார்.

பிராண்டன்பர்க் தீர்ப்பு கேட்ட உடனடி ஆபத்து, தூண்டும் நோக்கம் எதையும் இந்த வழக்கில் அரசு காட்ட வேண்டியிருக்கவில்லை. நோக்கம் சமாதானம் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தேசப் பாதுகாப்பு என்ற சொல் வந்ததும், வெளியுறவு விவகாரத்தில் அரசுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நீதிமன்றம் நகர்ந்துகொண்டது. 1919 மார்ச்சில் போர்க்காலம் என்று சொல்லி ஹோம்ஸ் நகர்ந்தது போலவே. அன்று தண்டிக்கப்பட்டதும் மனுப் போடச் சொன்ன துண்டறிக்கை. இவர்களைவிட மோசமான மனிதர்கள் வென்ற நாட்டில் மனுப் போடுகிறவர்கள் இரண்டுமுறை தோற்றிருக்கிறார்கள்.

ராபர்ட்ஸ் ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தானாக, யாருடைய கட்டளையும் இல்லாமல், பட்டியலிட்ட அமைப்பை ஒருவர் புகழ்ந்து எழுதலாம், பேசலாம்; உறுப்பினராகக்கூட இருக்கலாம். அந்த அமைப்போடு ஒருங்கிணைந்து, அதன் வழிகாட்டுதலில் செய்தால்தான் குற்றம். நியூ ஜெர்சியில் ஒரு தமிழர் தனியே உட்கார்ந்து ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதினால் பாதுகாப்பு உண்டு. அதையே அந்த அமைப்பின் ஆட்களோடு கலந்து பேசி, வன்முறையைக் கைவிடச் சொல்லும் கட்டுரையாக எழுதினால்? எந்த அளவு கலந்து பேசினால் ஒருங்கிணைப்பாகும் என்பதைத் தீர்ப்பு வரையறுக்கவில்லை. உலகெங்கும் ஆயுதக் குழுக்களோடு பேசித் தேர்தலுக்கும் சமாதானத்துக்கும் வழிதேடிய முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், தம் அமைப்பின் பணிக்காகவே வழக்கு வருமோ என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது என்றார்.

அரசுக்காக வாதாடிய கேகன், தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அடுத்த மார்ச்சில் வெஸ்ட்போரோ சபையார் வென்றபோது, வெல்ல வைத்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர். பொருளுதவிக் குற்றத்துக்கான உச்ச தண்டனை 2015-இல் பதினைந்து ஆண்டிலிருந்து இருபது ஆண்டாக உயர்ந்தது.